நாலு குழாயில் கேட்ட பயம்

எனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று இருபத்தெட்டு வயது வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்வதற்கு வசதியும் இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு மைக்செட் கடையில் நான் அறிவிப்பாளன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடித் தள்ளுபடி, காணாமல் போன கறவை மாடு, எதுவானாலும் மைக்கைப் பிடித்துச் சொல்வது என் வேலை. நான் வாயைத் திறந்தால் சங்கராபுரம் சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் ஒரு நிமிஷம் நிறுத்துவார்கள். முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அப்போது எங்கள் பக்கத்தில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாதியினர் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். என் முதலாளி அதை நம்பவில்லை. "ஒரு வாரமா? ரெண்டு நாளு கத்துவானுங்க, அப்பால வூட்டுக்குப் போயிருவானுங்க" என்று சொல்லி, மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு என்னை முந்தின நாளே மொபெட்டில் அனுப்பிவிட்டார்.

கல்யாணம் நடந்தது. ஜனம்தான் வரவில்லை. பஸ் இல்லை, லாரி இல்லை, ரோடே இல்லை. முந்நூறு பேருக்கு வடித்த சோற்றை நாங்கள் முப்பது பேர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் இல்லாத கூட்டத்தைப் பார்த்து "வருகை தந்திருக்கும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்" என்று இரண்டு நாள் கத்தினேன். மூன்றாம் நாள் காலை, ஒலிபெருக்கிக் குழாய்களை அங்கேயே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரை மட்டும் கம்பளியில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு வந்தால் முதலாளி என்னை உள்ளே விடமாட்டார். என்னை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயர் மட்டும் வந்திருந்தால் விட்டிருப்பார்.

சங்கராபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அந்தப் பக்கம் பதினைந்து இருபது பேர். கோடாலி, ரம்பம். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

"எங்கருந்து வர?"

"மணலூர்பேட்டைங்க."

"எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிங்க."

"அது சரி. இன்னா ஆளு நீ?"

கேள்வி புரிந்தது. அதற்குச் சரியான பதில் எது, தப்பான பதில் எது என்றுதான் அந்த முகங்களில் தேடித் தேடிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் சாதியை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்குக் கோடாலியோடு கேட்டவர்களுக்கே சொல்லவில்லை, உங்களுக்கு எதற்கு?

ஒருவன் மூட்டையைத் தொட்டான். "இது இன்னா? போலீஸ் வயர்லெஸ்ஸு மாதிரி கீது."

"மைக்செட்டுங்க. நான் மைக்ல பேசறவன்."

பின்னாலிருந்து வயதான ஒருவர் சொன்னார்: "மைக்ல பேசறவனா? அந்தக் கொரலு எனக்குத் தெரியும்டா. எங்க, எதனா பேசு பாப்போம்."

எல்லோரும் அமைதியானார்கள். இத்தனை கவனமாக என்னை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். அதன்பிறகு வந்தது இதுதான்:

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

 அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், கோடாலியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். "அவந்தான்டா! அவனேதான்!" நாலு பேர் சேர்ந்து என் மொபெட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவர் என் சட்டைப் பையில் ஒரு வெள்ளரிப் பிஞ்சைச் செருகினார். கொஞ்ச தூரத்தில் போலீஸ் ஜீப் நின்றது. "மரம் வெட்டினவனுங்க எத்தன பேரு, பேரு சொல்லு" என்றார்கள். தெரியாது என்றேன். லத்தியால் கம்பளியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

ஆக, எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் நிஜமாகவே பலருக்கு நடந்தது. வீடு எரிந்தவர்கள் இருந்தார்கள், கைகால் போனவர்கள் இருந்தார்கள், திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பயந்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளரிப் பிஞ்சு. வீட்டுக்கு வந்து அதை உப்புத் தொட்டுத் தின்றேன், குளித்தேன், தூங்கினேன். நடந்ததைக் கடையில் பத்துப் பேருக்கு நடித்துக் காட்டி டீ வாங்கிக் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து, பட்டப்பகலில், சலூன் நாற்காலியில் நான் செத்தேன்.

பாதி முகத்தில் சோப்பு நுரை. கத்தி கழுத்தில் இருந்தது. ரேடியோவில் வேளாண் நிகழ்ச்சி, கரும்பில் குருத்துப் புழுவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று. திடீரென்று நெஞ்சில் யாரோ குத்தியதுபோல் ஒரு அடி. இதயம் ஓட ஆரம்பித்தது. கை மரத்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை. கண்ணாடியில் தெரிந்தவன் எனக்கு யாரோ மாதிரி இருந்தான். அவன் இன்னும் இரண்டு நிமிஷத்தில் சாகப்போகிறான் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. போர்த்தியிருந்த துணியோடு, நுரையோடு, ரோட்டில் ஓடினேன். சலூன்காரர் கையில் கத்தியோடு பின்னால் ஓடிவந்தார். போராட்டக் காலம் வேறு. பார்த்தவர்கள் கடைக் கதவுகளை இழுத்துச் சாத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "ஹார்ட்டு கல்லு மாதிரி கீதுப்பா. கேஸ்தான், வெறும் வாயு. உருளைக்கிழங்க நிறுத்து" என்றார். ஊருக்கே பிரச்சினையாக இருந்த ரோடும் போலீசும் எனக்குப் பிரச்சினை இல்லையாம், உருளைக்கிழங்காம். நிறுத்தினேன். நாலாம் நாள் சினிமாக் கொட்டகையில், இடைவேளைக்கு முன்னால், மறுபடி செத்தேன். அதற்கப்புறம் கடலைப் பருப்பை நிறுத்தினேன். கல்யாணப் பந்தியில் செத்தேன். டீயை நிறுத்தினேன். கச்சிராயபாளையம் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டிலேயே செத்தேன். நிறுத்த வேறு ஒன்றும் மிச்சமில்லை.

என் மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவள். எதையும் அளந்து பார்க்காமல் வெட்டமாட்டாள். அவள் என்னைச் சிலகாலம் அளந்து பார்த்தாள். பிறகு அவள் அம்மா சொன்னதைக் கேட்டு மந்திரிக்க அழைத்துப் போனாள். ஒருவர் வேப்பிலையால் அடித்தார். ஒருவர் தண்ணீரை ஓதிக் கொடுத்தார். ஒருவர், புளியமரத்தில் இருந்த பேய், மரத்தை வெட்டியதும் போக இடமில்லாமல் என் மொபெட்டில் ஏறி வந்துவிட்டது என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டால் பேய்கள்தான் எங்கே போகும்? ஆனால் எலுமிச்சம்பழத்தை நாலாக நறுக்கி நாலு திசையில் எறிந்த பிறகும் அது இறங்கவில்லை.

மெல்ல என் உலகம் சுருங்கியது. எங்கே போனாலும் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். கையில் தண்ணீர் பாட்டில். சலூன் வேண்டாம் என்று தாடி. ஏழு மாதத்துப் பெண் குழந்தை எங்களுக்கு. தூக்கிக்கொண்டிருக்கும்போது அது வந்துவிட்டால் கீழே போட்டுவிடுவேனோ என்று அவளைத் தூக்குவதை நிறுத்தினேன். தாடி குத்தும் என்று சாக்குச் சொன்னேன்.

மைக் மட்டும் பாக்கி இருந்தது. மைக் கையில் இருக்கும்வரை அது வராது என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு வெள்ளிமலையில் தப்பியது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. முதலாளியும் நானும் ஜீப்பில் போனோம். ஒவ்வொரு வளைவுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டேன், ஜீப்பில் ரேடியோவே கிடையாது. மேலே போய் நாலு கூம்புக் குழாய்களைக் கட்டினோம். இரண்டு பள்ளிக்கூட ஓட்டின் மேல், இரண்டு மரத்தின் மேல், திசைக்கு ஒன்றாக. மலையில் சத்தம் நன்றாகப் போகும் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார்.

சிறப்பு விருந்தினரைக் காணோம். பனி இறங்கிவிட்டது, கீழே வளைவில் அவர் கார் நிற்கிறது என்றார்கள். முதலாளி என் காதில் சொன்னார்: "வாய மூடாத. அவரு வர்ற வரைக்கும் எதனா பேசிக்கினே இரு."

பேசினேன். கல்வியின் சிறப்பைப் பேசினேன். சாமையின் சிறப்பைப் பேசினேன். தேனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிரே பனி எழுந்து மைதானத்தின் விளிம்பை மறைத்தது. கீழே போகும் ரோடு தெரியவில்லை. அது இங்கே வந்தால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று ஒரே ஒரு நினைப்பு. அது போதுமாக இருந்தது.

"தேன் எடுப்பதில் நம் மலை மக்கள்... அய்யோ... அய்யய்யோ... நெஞ்சு அடைக்குது... என்னால முடியல... நா செத்துருவேன்... யாராவது ஜீப்ப எடுங்க... ஜீப்ப எடுங்க..."

தொழில் பழக்கம், மைக்கை வாயிலிருந்து இரண்டு அங்குலம்கூட விலக்கவில்லை. ஒரு சொல்லும் சிதறவில்லை என்று பிறகு முதலாளியே ஒப்புக்கொண்டார். அவர் ஓடிவந்து சுவிட்சை அணைப்பதற்குள் நாலு குழாயும் நாலு திசைக்கும் என் சாவை அறிவித்துவிட்டன.

இதில் சிரிக்க முடியாத ஒரு இடம் உண்டு. மலைக்காரர்கள் அதை நம்பினார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் மட்டுமில்லை, பக்கத்துக் கொல்லைக்காடுகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் குரலைக் கேட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் கட்டிலையே தலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அங்கே ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடக்க வேண்டும். அப்படிப் போய்ச் சேராமல் வழியிலேயே போனவர்கள் அவர்கள் வீடுகளில் இருந்தார்கள். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பெண் ஒருத்தி என் உள்ளங்காலைத் தேய்த்தாள். கட்டில் கொண்டுவந்தவர் தன் போர்வையை எடுத்து என் மேல் போர்த்தினார். என்னை ஜீப்பில் ஏற்றி, வழியில் தூக்க வேண்டியிருந்தால் உதவிக்கு என்று அவரும் இன்னொருவரும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

மலையில் பாதி இறங்குவதற்குள் அது போய்விட்டது. எப்போதும் போலத்தான், வந்த வேகத்திலேயே.

"இப்ப எப்பிடி கீது?" என்றார் போர்வைக்காரர்.

"பரவால்லீங்க."

"எதனா வோணுமா?"

சொல்லக் கூடாது என்று நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "பசிக்குதுங்க."

ஜீப் டிரைவர் பிரேக்கைப் போட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. மலைக்காரர்கள் இருவரும் மடியிலிருந்து வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்கள். அடிவாரத்தில் இறங்கி, மேலே போக பஸ் இல்லாமல், வந்த வழியே பனிக்குள் நடந்து போனார்கள். அன்றைக்கு நான் நிஜமாகவே செத்திருந்தால் தேவலை என்று தோன்றியது. மரியாதைக்காகவாவது.

செய்தி எனக்கு முன்னால் கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. டீக்கடையில் டீ வர லேட்டானால் "யாராவது ஜீப்ப எடுங்க" என்றார்கள். காய்கறிக்காரி தக்காளி விலையைச் சொல்லிவிட்டு, "நெஞ்சு அடைக்குதா?" என்று கேட்டாள். முதலாளி என்னை மைக்கிலிருந்து எடுத்து டியூப்லைட் கட்டும் வேலைக்குப் போட்டார். ஏணி மேல் நின்று செத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். வேலைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம் என் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து என் எதிரே நீட்டினாள்.

"புடிங்க."

"தாடி குத்தும்."

"தாடி குத்தாது. நீங்க புடிக்க மாட்டேன்றீங்க. நாலு மாசமா பாத்துக்கினுதான கீறேன்? உங்களுக்கு கேஸும் இல்ல, பேயும் இல்ல. பயம். பேரு அதான். வெக்கப்படாம சொல்லுங்க."

"பயந்தா இப்பிடியா நெஞ்சு அடைக்கும்?"

"எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சவங்க கிட்ட கேக்கணும்."

தெரிந்தவர்கள் யார் என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பைத்தியத்துக்குத்தான் டாக்டர், அவர்கள் கரண்ட் வைப்பார்கள், அப்புறம் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. பெண்ணுக்கு அப்போது பதினோரு மாதம்.

விடை என் வாய் வழியாகவே வந்தது. ஊரில் ஒரு சேவைச் சங்கத்தார் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். முதலாளியின் புது அறிவிப்பாளனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் என்னிடம் நோட்டீசை நீட்டினார். "கார்ல உக்காந்தே படிச்சிரு. ஒரு பக்கம்தான். அதுக்குள்ள சாவாத."

வாடகைக் காரில் முன் சீட்டில், கதவுப் பிடியில் ஒரு கையும் மைக்கில் ஒரு கையுமாகத் தெருத் தெருவாகப் போனோம். கண் பரிசோதனை, பல் பரிசோதனை, சர்க்கரை. எல்லாம் எப்போதும் படிப்பதுதான். கடைசிப் பத்தியை முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. படித்துக்கொண்டே போனேன்.

"காரணம் தெரியாத பயம், திடீரென நெஞ்சு படபடத்தல், மூச்சு முட்டுதல், இப்போதே இறந்துவிடுவோம் என்ற எண்ணம், கூட்டத்துக்கும் பஸ் பயணத்துக்கும் அஞ்சுதல். இவையும் நோய்களே. இவற்றுக்கு வைத்தியம் உண்டு."

நிறுத்தினேன். யாரோ நாலு மாதம் என் பின்னாலேயே வந்து எழுதி, அச்சடித்து, என் கையிலேயே கொடுத்ததுபோல் இருந்தது. மறுபடி படித்தேன். மூன்றாவது தரமும் படித்தேன். கார் டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தலைவரே, கண்ணு, பல்லெல்லாம் வுட்டுட்டு அங்கயே சுத்திக்கினு கீற?"

"முக்கியமான எடம்பா" என்றேன்.

முகாம் நாளில் கண் டாக்டருக்கு வரிசை ரோடு வரைக்கும் இருந்தது. கடைசி வகுப்பறையின் வாசலில் "மனநலம்" என்று ஒரு அட்டை. உள்ளே புதுச்சேரியிலிருந்து வந்த பெண் டாக்டர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த அறைக்கு நேராக நடக்கிறவர்கள்கூட வாசல் வந்ததும் வளைந்து நடந்தார்கள். நானும் மூன்று தரம் வளைந்தேன். ஊரே பார்க்கிறது. மலையில் கத்தினவன் கடைசியில் எங்கே போகிறான் பார் என்று சொல்வார்கள்.

என் மனைவி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே கேட்டேன்.

"யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்குங்க. அவரு வெளிய நின்னுக்கினு கீறாரு. நா சொல்றேன், எழுதிக்கோங்க."

"அவர் பேச மாட்டாரா?"

"பேசறதுதாங்க அவரு தொழிலே."

கண் டாக்டர் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சரி, இதற்கு மேல் போக மானம் மிச்சமில்லை என்று உள்ளே போனேன்.

டாக்டர் நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். சலூன், சினிமா, பந்தி, பஸ், வெள்ளிமலை. புளியமரத்தையும் சொன்னேன். அதை எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அங்கேதான் பேனாவை எடுத்தார்.

"இதுவரைக்கும் எத்தனை தரம் செத்திருப்பீங்க?"

"நாப்பது, அம்பது இருக்குங்க."

"ஒரு தடவைகூட சரியா வரலையா?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அது முடியும்வரை காத்திருந்தார்.

பிறகு சொன்னார். உடம்புக்கு ஆபத்து வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், ஓடுவதற்கு. அது நல்லதுதான். சில பேருக்கு ஆபத்தே இல்லாதபோதும் அடிக்கும். அடிப்பதைப் பார்த்து அவர்கள் பயப்படுவார்கள். பயந்ததால் இன்னும் அடிக்கும். அதைப் பார்த்து இன்னும் பயம்.

"குழாய்க்கு எதிர்ல மைக்கப் புடிச்ச மாதிரிங்களா?" என்றேன். "குழாய்லருந்து வர்ற சத்தமே மைக்குல போயி, மறுபடி குழாய்ல வந்து, ஊய்னு கத்தும்."

"அதேதான். அப்போ என்ன செய்வீங்க?"

"சவுண்ட கொறப்போம். இல்லன்னா மைக்கத் திருப்புவோம்."

"மாத்திரை சவுண்டைக் குறைக்கும். மைக்கைத் திருப்புறது உங்க வேலை. அதை நான் சொல்லித் தர்றேன்."

கரண்ட் வைப்பீர்களா என்று மனைவி கேட்டாள். தேவையில்லை என்றார். பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா என்று நான் கேட்டேன். டாக்டர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல்ல நீங்க அவளைத் தூக்குங்க" என்றார். அவர் எதிரிலேயே வாங்கிக்கொண்டேன்.  அவள் என் தாடியைப் பிடித்து இழுத்தாள். கீழே விழவில்லை.

அடுத்த மாதங்களில் நான் செய்ததெல்லாம் பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகவும் எனக்கு வைத்தியமாகவும் இருந்தது. எதற்குப் பயமோ அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் போக வேண்டும், வந்தால் ஓடக் கூடாது, அது உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும்வரை இருந்துவிட்டு வர வேண்டும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தினமும் ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கிளம்பும்போது இறங்கிவிடுவேன். ஒரு வாரத்தில் கண்டக்டர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. "தோ, வந்துட்டாரு உக்காந்து போறவரு" என்பார்கள். பிறகு ஒரு ஸ்டாப். பிறகு இரண்டு. சலூன்காரரிடம் முதல் நாள் நாற்காலியில் உட்கார மட்டும் செய்தேன், இரண்டாம் நாள் ஒரு கன்னம். மீதியை மறுநாள் எடுக்கலாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "பாதியோட போனா என் கடைப் பேரு கெட்ரும்" என்று கதவைச் சாத்திவிட்டு முழுசாக எடுத்து அனுப்பினார். வைத்தியத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

மாத்திரை முதல் இரண்டு வாரம் வாயை உலர்த்தி, மலச்சிக்கலைக் கொடுத்தது. டாக்டரிடம் சொன்னேன். பொறுங்கள் என்றார். பொறுத்தேன். மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய் அவரைப் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் மனைவியோடு திரும்பி வரும்போது பஸ் ஒரு மறியலில் மாட்டியது. முன்னால் லாரிகள், பின்னால் லாரிகள், நடுவில் நாங்கள். எனக்கு இரண்டு பக்கமும் ஆள், கதவு எங்கேயோ இருந்தது.

வந்தது. நெஞ்சு அடித்தது, கை மரத்தது, எல்லாம் ஒழுங்காக முறைப்படி வந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"எறங்கணுமா?"

"வோணாம். எவ்ளோ நேரம் இருக்குதுன்னு பாக்கறேன்."

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிஷம் ஏறியது. நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. பதினொன்றாவது நிமிஷம் அதற்கே அலுத்ததுபோல் தளர்ந்தது. பதினெட்டில் இல்லை. மறியல் அப்புறமும் மூன்று மணி நேரம் நடந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கத்த, சண்டை போட, சாமியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

போராட்டமும் ஒருவழியாக முடிந்தது. கேட்டதில் ஒரு பங்கு கிடைத்தது, அது போதுமா என்ற பேச்சு இன்றுவரை நடக்கிறது. எனக்கும் அப்படித்தான். முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். வருஷத்தில் ஒன்றிரண்டு தரம் எட்டிப் பார்க்கிறது. வா, உட்கார், முடிந்ததும் போ என்று விட்டுவிடுகிறேன்.

மைக் திரும்பக் கிடைத்தது. அதைவிட முக்கியமாக, நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. என்னைப் பார்த்து "ஜீப்ப எடுங்க" என்று சொன்னவர்களே ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ரோட்டு வழியாக வரமாட்டார்கள், பின்பக்கமாக, என் மனைவியிடம் தைக்கத் துணி கொடுக்கிற சாக்கில் வருவார்கள். "என் மச்சானுக்கு", "என் சிநேகிதனுக்கு", "பக்கத்து வூட்டுக்காரருக்கு" அந்த டாக்டர் விலாசம் வேண்டும். மச்சான்களுக்கு வந்த வியர்வை இவர்கள் நெற்றியில் தெரிந்தது. காய்கறிக்காரி மட்டும் நேராகவே கேட்டாள், தனக்கென்று. நாலு குழாயில் நான் கத்தினதால்தான் அவர்களுக்கு எங்கே போய்க் கேட்பது என்று தெரிந்தது. அதற்கு முன் ஊரில் பயந்தவன் நான் ஒருவன்தான் என்று நானும், தான் ஒருவன்தான் என்று அவரவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் முதலாளி என்னைக் குடோனுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரோ என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒர்த்தரு. ரெண்டு வருஷமா தூக்கமில்ல. கடையப் பூட்டிட்டு வூட்டுக்குப் போவாரு, பூட்டனமான்னு திரும்பி வருவாரு. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவ. அந்த மாதிரிக்கெல்லாம் பாப்பாங்களா?"

"பாப்பாங்க மொதலாளி. அவரக் கூட்டிக்கினு வாங்க."

"அவரு தனியா வர மாட்டாரு. வெக்கப்படுவாரு. நானும் வரணும்."

புதுச்சேரிக்கு அவரும் நானும் போனோம். அந்த ஒருவர் வரவே இல்லை. வழியில் மூன்று ஊரில் இறங்கி, கடைப் பூட்டைப் பற்றிப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் வேட்டியை நாலு தரம் மடித்துக் கட்டினார், அவிழ்த்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து நம்பரைக் கூப்பிட்டாள்.

"போப்பா, உன்னத்தான் கூப்புடறாங்க" என்றார் முதலாளி.

"சீட்டு உங்க கையில இருக்குது மொதலாளி."

அவர் கையைப் பார்த்தார்.  அப்புறம் எழுந்து, "நீ வெளிய எங்கயும் போயிராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் போகவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.